அனுபவம் இருக்கிறது, கணினிப் பட்டம் இல்லை: எதைப் படிப்பது, எதை விடுவது

மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜாவாவில் ஏழு வருடம். பி.காம். படித்து டெஸ்டிங்கில் நுழைந்து, இப்போது பைதானில் ஆட்டோமேஷன். டிப்ளமோவோடு சின்ன கம்பெனியில் சேர்ந்து, இன்று அங்கேயே டீம் லீட். சென்னை ஓஎம்ஆரிலும் கோவை சரவணம்பட்டியிலும் இப்படிப்பட்டவர்கள் இல்லாத ஃப்ளோர் கிடையாது. வேலை தெரியும், சம்பளமும் பரவாயில்லை. ஆனாலும் முப்பதை நெருங்கும்போது, இனிமேலாவது ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிவிடலாமா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பட்டம் இரண்டு விதமாக உதவுகிறது. தாளாக உதவுகிறது: விசா, ஹெச்ஆர், அரசு விண்ணப்பம் என்று யாரோ கேட்கும்போது காட்டுவதற்கு. பாடமாகவும் உதவுகிறது: இதுவரை அனுபவத்தில் தட்டித்தடவிக் கற்றதற்கு அடித்தளம் போட்டுத் தருகிறது. இந்த இரண்டில் தனக்கு எது குறைகிறது என்று பிரித்துப் பார்க்காமல் அட்மிஷன் போடுபவர்கள்தான் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை இழக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவருக்குத் தாள் தேவைப்படும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றுகூட உங்கள் வழியில் இல்லையென்றால் பாடத்தை மட்டும் படித்தால் போதும். அதற்கு ஆயிரங்களில் செலவாகும், லட்சங்கள் தேவையில்லை.

உள்ளூரில் யார் தாள் கேட்கிறார்கள்

ரெஃபரல் மூலம் போகும் லேட்டரல் (அனுபவமுள்ளவர்களுக்கான) வேலைகளில் ஐந்து வருட அனுபவத்துக்குப் பிறகு எந்தத் துறைப் பட்டம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நேர்முகத்தில் கேட்பதெல்லாம் செய்த புராஜெக்ட், டிசைன், கோடிங். பி.இ. மெக்கானிக்கலோ சிவிலோ முடித்தவர் உள்ளூர் வேலைக்காக இன்னொரு கணினிப் பட்டம் வாங்குவது வீண் என்று தயங்காமல் சொல்லலாம்.

சிக்கல் வருவது வேறு இரண்டு பேருக்கு. முதலாமவர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் போனவர். பெரிய சேவை நிறுவனங்களின் வேலை அறிவிப்பில் "15 வருட முழுநேரக் கல்வி" என்று ஒரு வரி இருக்கும். பத்து, பிளஸ் டூ, மூன்றாண்டு டிகிரி என்று கூட்டினால் பி.காம்.காரருக்கு 15 வந்துவிடும். டிப்ளமோகாரருக்கு 13-இலேயே நின்றுவிடும். இரண்டாமவர் அதை ஈடுகட்ட அஞ்சல் வழியில் பிசிஏ முடித்தவர். அங்கே "முழுநேர" என்ற சொல் மாட்டிக்கொள்கிறது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகரித்த தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் யுஜிசியே அறிவித்தது. அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது பேசும். தனியார் நிறுவனத்தின் உள்விதியை அது கட்டுப்படுத்தாது. அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன், நீங்கள் போக நினைக்கும் நான்கைந்து நிறுவனங்களின் ரெக்ரூட்டர்களிடம் "தொலைநிலைப் பட்டத்தை ஏற்பீர்களா" என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கிடைத்த "பிரச்சினை இல்லை" பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் வரை தாங்காது.

படித்துக்கொண்டிருக்கும் பட்டத்தை ரெஸ்யூமேயில் முடித்ததாகப் போடுவது கூடவே கூடாது. ஒரே ஒரு அரியர் மீதி இருந்தாலும் "படித்துவருகிறேன்" என்றே எழுத வேண்டும். சரிபார்ப்பு ஏஜென்சி பல்கலைக்கழகத்திடம் நேரடியாகக் கேட்கும். ஆஃபர் ரத்தானால் நோட்டீஸ் கொடுத்த பழைய வேலையும் கையில் இருக்காது.

பட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத வழிகளும் நம்மூரில் உண்டு. ஜோஹோ தன் பயிற்சிப் பள்ளி மூலம் கல்லூரிக்குப் போகாதவர்களை ஏறத்தாழ இருபது வருடமாக எடுத்துவருகிறது. ஹெச்சிஎல்லின் டெக்பீ திட்டம் பிளஸ் டூ முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலையோடு பட்டமும் படிக்க வைக்கிறது. இப்படி நுழைந்தவர்களுக்குத் தாளின் தேவை முதல் கம்பெனியை விட்டு வெளியேறும்போதுதான் தெரிகிறது. அங்கே இருக்கும்போதே பட்டத்தை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

கல்லூரியில் கற்பிக்கவோ, அரசுத் துறையின் கணினிப் பணிக்கோ போக நினைத்தால் விவாதமே இல்லை. பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியருக்குத் துறை சார்ந்த பி.இ.யும் எம்.இ.யும் வேண்டும். அனுபவம் அதற்கு ஈடாகாது.

கடல் தாண்டும்போது

தாள் உண்மையிலேயே விலை பெறும் இடம் இதுதான். நாட்டுக்கு நாடு கணக்கு வேறு என்பதால், "வெளிநாடு போக டிகிரி வேண்டும்" என்ற பொதுப்பேச்சை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசாவுக்கு நான்காண்டுப் பட்டம் அல்லது அதற்கு இணையானது தேவை. நம் மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். அங்கே பொதுவாக முழுப் பட்டமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆனால் ஹெச்-1பி விதியில் ஒரு சலுகை உண்டு: துறை சார்ந்த மூன்று வருட வேலையை ஒரு வருடக் கல்லூரிக்குச் சமமாக வைக்கலாம். மூன்றாண்டுப் பட்டத்தோடு மூன்று வருட நிரலாக்க அனுபவம் சேர்ந்தால் குறையும் ஒரு வருடம் நிரம்பிவிடும். பட்டமே இல்லாதவருக்கு நான்கு வருடத்தையும் நிரப்ப 12 வருட அனுபவம் வேண்டும்.

இந்தக் கணக்கை நம்பிப் போனவர்கள் தடுக்கி விழுவது கிரீன் கார்டு கட்டத்தில். மேற்படிப்பு உள்ளவர்களுக்கான இபி-2 பிரிவில் மூன்றுக்கு ஒன்று என்ற சலுகை செல்லாது. முதுகலைப் பட்டம் வேண்டும், அல்லது நான்காண்டுக்கு இணையான ஒரே பட்டமும் அதற்குப் பிந்தைய ஐந்து வருட அனுபவமும் வேண்டும். பழைய மூன்றாண்டு எம்சிஏ, மூன்றாண்டு இளங்கலையோடு சேர்ந்து ஆறு வருடமாகி, பொதுவாக முதுகலையாக மதிப்பிடப்பட்டது. இப்போதைய எம்சிஏ இரண்டே வருடம். மூன்றும் இரண்டும் ஐந்து என்பதால், பெரும்பாலான மதிப்பீட்டில் அது அமெரிக்க இளங்கலைக்கே இணையாகிறது. அப்படியானால் இபி-2க்குத் தேவையான ஐந்து வருடம் எம்சிஏ முடித்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். எட்டு வருட அனுபவத்துக்குப் பிறகு எம்சிஏ முடித்தவருக்கு, அந்த எட்டில் ஒரு நாள்கூட இந்தக் கணக்கில் சேராது. அமெரிக்காதான் இலக்கு என்றால் எம்சிஏவைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். கூடவே, 2025 செப்டம்பரில் வந்த அதிபர் அறிவிப்பு, அந்நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய ஹெச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்ததையும் மனதில் வையுங்கள். அந்த ஒரு நாட்டை மட்டும் நம்பிப் பட்டப்படிப்பைத் திட்டமிடுவது இப்போது ஆபத்தானது.

ஜெர்மனி நேரெதிர். 2023 நவம்பரிலிருந்து ஐடி வல்லுநர்களுக்குப் பட்டம் இல்லாமலே ப்ளூ கார்டு என்ற வேலை, குடியிருப்பு அனுமதி கிடைக்கும். கடைசி ஏழு வருடத்தில் குறைந்தது மூன்று வருடப் பொருத்தமான அனுபவமும், சம்பள வரம்பை எட்டும் வேலை ஒப்பந்தமும் வேண்டும். 2025-க்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 43,759.80 யூரோ. இங்கே மாட்டுவது அனுபவச் சான்று. நம் நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் தவிர ஒன்றும் இருக்காது. என்ன மொழியில் என்ன கட்டினீர்கள், எந்த அளவு பொறுப்பு என்று விவரிக்கும் கடிதம் தேவைப்படும்போது பழைய மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், ஹெச்ஆரோ "எங்கள் ஃபார்மட் இவ்வளவுதான்" என்பார். ஒவ்வொரு வேலையை விடும்போதும், கடைசி நாளுக்கு முன்பே, பணி விவரத்தை நீங்களே டைப் செய்து கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். ஜெர்மனிக்கு அது பட்டத்தின் இடத்தில் நிற்கும்.

கனடாவில் பட்டமும் வயதும் எதிரெதிராக இழுக்கின்றன. நிரந்தரக் குடியேற்றத்துக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி மதிப்பெண்ணில் தனியாக விண்ணப்பிப்பவருக்கு இளங்கலை 120, முதுகலை 135. ஆங்கிலத்தில் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9 எட்டியிருந்தால், படிப்பும் மொழியும் சேர்ந்து கிடைக்கும் கூடுதல் மதிப்பெண் இளங்கலைக்கு 25, முதுகலைக்கு 50. ஆக, முதுகலையால் மொத்தம் 40 கூடுகிறது. அதைப் படிக்கும் இரண்டு வருடத்தில் வயது 31-இலிருந்து 33 ஆனால் 99 மதிப்பெண் 88 ஆகிறது, 11 போகிறது. கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் இரண்டு வருடப் படிப்பை அரியரோடு நான்கு வருடமாக்கினால் லாபம் வெகுவாகக் குறைந்துவிடும்.

சிங்கப்பூரில் 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் முறைப்படி எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 40 புள்ளி வேண்டும். சிறந்த பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள பட்டத்துக்கு 20, மற்ற பட்டத்துக்கு 10, பட்டம் இல்லையென்றால் 0. சம்பளம் முதலான மற்ற அம்சங்களில் 40 வந்துவிடும் என்றால் பட்டத்தைக் குறிப்பிடாமலே விண்ணப்பிக்கலாம்; குறிப்பிட்டால் சரிபார்ப்புச் சான்றும் இணைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கணினி சாராத பட்டக்காரர்களுக்கு இரண்டு புராஜெக்ட் அறிக்கை எழுதித் தரும் ஆர்பிஎல் (ஏற்கெனவே கற்றதை அங்கீகரிக்கும்) வழி இருக்கிறது. அதில் போனால் அனுபவத்தில் கழிக்கப்படும் ஆண்டுகள் அதிகம்.

எந்த நாடானாலும் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "முருகன் எஸ்.", பாஸ்போர்ட்டில் "முருகன் செல்வராஜ்", ஆஃபீஸ் சான்றில் "செல்வராஜ் முருகன்". மூன்றும் ஒரே ஆள் என்று நோட்டரி கையெழுத்துடன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துத்தான் நகர முடியும். புதிதாகப் பட்டப்படிப்பில் சேருகிறவர்கள் விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் பதிய முடியுமா என்று பாருங்கள். பட்டம் வந்த பிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

எந்தப் படிப்பு, யாருக்கு

இக்னோவின் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின்) எம்சிஏதான் செலவு குறைந்தது. நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். எந்தப் பட்டக்காரரும் சேரலாம்; பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் படித்திருக்க வேண்டும். தேர்வு ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை. தேர்வைவிட இதில் ஆளைக் கவிழ்ப்பவை வேறு: அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் தராமல் விடுவது, செய்முறை வகுப்புக்கு நேரில் போகாமல் விடுவது, கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை இழுத்தடிப்பது. அண்ணா பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி மையமும் எம்சிஏ நடத்துகிறது. தமிழ்நாட்டு ஹெச்ஆர்களுக்குப் பழகிய பெயர் என்பது அதன் பலம்.

டிப்ளமோவோ பிளஸ் டூவோ மட்டும் உள்ளவருக்கு ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் நல்ல தேர்வு. 2020-இல் தொடங்கியது, ஜேஇஇ தேவையில்லை, வயது வரம்பும் கிடையாது. பாடங்கள் ஆன்லைனில், வினாடி வினாவும் இறுதித் தேர்வும் மையத்தில் நேரில். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பிஎஸ்சி, பிஎஸ் என்று நான்கு இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். வேலை, குழந்தை, ரிலீஸ் என்று அல்லாடுகிறவருக்கு இது பெரிய ஆறுதல்: பாதியில் நின்றாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும். முழுக் கட்டணம் மூன்று லட்சத்தைத் தாண்டும். குடும்ப வருமானத்தையும் இடஒதுக்கீட்டுப் பிரிவையும் பொறுத்துச் சலுகை உண்டு. ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். இது டேட்டா சயின்ஸ் பட்டம். புள்ளியியலும் மெஷின் லேர்னிங்கும் இதன் முதுகெலும்பு. பேக்எண்ட், சிஸ்டம்ஸ் பக்கம் ஆழம் தேடுகிறவர் அதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பி.இ. அல்லது எம்சிஏ கையில் இருந்து, மேலே ஏறத் தடையாக இருப்பது எம்.டெக். என்ற வரிதான் என்றால், பிட்ஸ் பிலானியின் பணிசார் திட்டம். நான்கு செமஸ்டர், வார இறுதியில் ஆன்லைன் வகுப்பு, கடைசியில் ஆய்வேடு. வேலை செய்யும் நிறுவனத்தின் ஒப்புதலும் அங்கிருந்து ஒரு வழிகாட்டியும் தேவை. கட்டணம் இரண்டரை லட்சத்துக்கு மேல். நிறுவனமே கட்டுகிறது என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பாண்டைப் படியுங்கள்: படிப்பு முடிந்து எத்தனை மாதம் விலகக் கூடாது, விலகினால் முழுத் தொகையா விகிதப்படியா, ஆட்குறைப்பு செய்து அவர்களே அனுப்பினால் யார் கட்டுவது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத பாண்டில் கையெழுத்திடாதீர்கள்.

பாடமும் தாளும் ஒருசேரச் சிறப்பாகக் கிடைப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்எஸ்ஸில். 2014-இல் தொடங்கியது. பத்துப் பாடம், மொத்தம் சுமார் 7,000 டாலர். பருவத்துக்கு ஒன்று என்று எடுத்தால் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேலாகும். பட்டத்தில் "ஆன்லைன்" என்ற சொல் இருக்காது. முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடத்திலாவது பி கிரேடு எடுத்தாக வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் சி மொழியில் பல திரெட்களில் ஓடும் கோப்பு சர்வரையே கட்ட வைக்கிறார்கள். ஜாவாவில் பத்து வருடம் இருந்தும் பாயிண்டரைத் தொடாதவர் சேர்வதற்கு முன் இரண்டு மாதம் சி பழகிவிட்டுப் போவது நல்லது. மூன்றாண்டுப் பட்டம் மட்டும் உள்ளவர்கள் தகுதி உண்டா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு சிக்கலானதல்ல. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளங்கலை), வேலையோடு படிப்பதற்கென்றே அமைந்தது. இடையில் டிப்ளமோ, உயர் டிப்ளமோ என்று நிறுத்திக்கொள்ளவும் முடியும்.

கேட் நுழைவுத் தேர்வு எழுதி முழுநேர எம்.டெக். போவதை முப்பது வயதுக்காரருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது. மாத உதவித்தொகை 12,400 ரூபாய். வீட்டுக் கடன் தவணைக்கே போதாது. ஆராய்ச்சிக்கோ, கம்பைலர், சிப், மெஷின் லேர்னிங் மாதிரி துறைக்கோ முழுதாக மாற விரும்புகிறவருக்கு மட்டும் அந்த இழப்பு பொருந்தும்.

தவிர்க்க வேண்டியது ஒன்று. அஞ்சல் வழி பி.டெக். என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றி நடத்திய தொலைநிலைப் பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடக்கியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) தேர்வு எழுதித் தேற வேண்டியதாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தானது. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கியிருந்தவர்களுக்கு அந்தப் பலனும் போயிற்று. பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருப்பவர் பி.இ.தான் வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் கலந்தாய்வு மூலம் சேரும் பகுதிநேர மாலை பி.இ. இருக்கிறது. எல்லாக் கல்லூரியிலும் கணினிப் பிரிவு இருக்காது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் மட்டும் வேண்டும் என்றால்

பாடம் எங்கே உதவுகிறது என்பதற்கு ஒரே ஒரு காட்சி. பணப் பரிமாற்ற சர்வீஸ் ஒன்று, மையெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஓடுகிறது. ஒரு டிரான்சாக்ஷன் 101-ஆம் கணக்கைப் பூட்டிவிட்டு 205-ஐப் பூட்டப் போகிறது. அதே நொடியில் இன்னொன்று 205-ஐப் பூட்டிவிட்டு 101-க்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. தரவுத்தளம் 1213 என்ற பிழையோடு ஒன்றைக் கொன்றுவிடும். அனுபவம் மட்டும் உள்ளவர் மூன்று முறை திரும்ப முயலும் ரீட்ரை போடுவார். சோதனையில் சரியாகிவிடும். சம்பளத் தேதியன்று நெரிசல் கூடும்போது ரீட்ரைகளே ஒன்றோடொன்று மோதி சர்வீஸ் படுத்துவிடும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் படித்தவருக்கு டெட்லாக்குக்கு (இப்படி ஒன்றையொன்று மறித்து நிற்பதற்கு) நான்கு நிபந்தனை சேர்ந்தாக வேண்டும் என்பது தெரியும், 1971-லேயே எழுதிவைத்தது. நான்கில் ஒன்று வட்டமாகக் காத்திருப்பது. அதை உடைத்தால் போதும்: எந்தத் திசையில் பணம் போனாலும் சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்டு, பெரியதை அடுத்துப் பூட்டு. இரண்டு எண்ணையும் வரிசைப்படுத்தும் ஒரு வரிக் கோடு. ரீட்ரை அப்போதும் இருக்கலாம், ஆனால் அதன் மேல் பாரம் விழாது.

அடித்தளம் என்று சொல்வது இதைத்தான். அனுபவத்தால் இது வராது என்பதில்லை. நாலைந்து நள்ளிரவு அழைப்புகளுக்குப் பிறகு வரும். பாடமாகப் படித்தால் முன்னாலேயே வரும். சீனியர் பதவி நேர்முகத்தில் கழற்றிவிடப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

நான்கு பாடம் போதும்: டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்கிங், தரவுத்தளத்தின் உள்ளமைப்பு. என்பிடெல் இணையத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசம். ஒரு பாடம் எட்டு முதல் பன்னிரண்டு வாரம். நேரில் எழுதும் தேர்வுக்கு 1,000 ரூபாய். ஒரு பருவத்துக்கு இரண்டு எடுத்தால் ஒரு வருடத்தில் நான்கும் முடியும். சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தரப்போவதில்லை. ஆனால் தேர்வுக் கட்டணம் கட்டிய பாடத்தை மனிதர்கள் முடிக்கிறார்கள், இலவச வீடியோவை மூன்றாம் வாரத்தில் விடுகிறார்கள். அதற்காகவே அந்த ஆயிரம் ரூபாயைக் கட்டலாம். படிக்கும் வரிசையில் கணிதத்தைத் தாண்டிப் போகாதீர்கள்: லாகரிதம், நிகழ்தகவு, இன்டக்ஷன் மூன்றும் பிளஸ் டூவோடு மறந்துபோயிருந்தால் முதல் இரண்டு வாரத்தை அதற்கே கொடுங்கள்.

நேரக் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். என்பிடெல் பாடம் ஒன்றுக்கு வாரம் ஐந்தாறு மணி நேரம். பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டுக்குக் குறையாது. புரொடக்ஷன் சப்போர்ட்டில் ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்கள், தேர்வு நாளில் ரிலீஸ் விழாதபடி முன்கூட்டியே லீவு போட்டு எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். பாதியில் விடப்படும் படிப்புகளில் பல, கடினமான பாடத்தால் விடப்பட்டவை அல்ல. ஒரு தேர்வு ரிலீஸில் போய், அடுத்த முறை இரண்டு சேர்ந்து, மூன்றாம் முறை மனமே விட்டுப்போனவை.

எதில் சேருவது என்று இன்னும் தீராதவர்கள் முதலில் ஐஐடி மெட்ராஸின் நுழைவுக் கட்டத்துக்குப் பதிந்து பாருங்கள். நான்கு வாரப் பாடம், வாரந்தோறும் அசைன்மென்ட், முடிவில் ஒரு தேர்வு. அந்த நான்கு வாரமும் வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் கொடுக்க முடிந்ததா என்பதே, அடுத்த மூன்று வருடம் எப்படிப் போகும் என்பதை மற்ற எவரையும்விடச் சரியாகச் சொல்லிவிடும்.